நடு இரவில் ஒரு வீணைக் கலைஞர்

1964ஆம் ஆண்டு வெளிவந்த 'பொம்மை' என்னும் திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் கதை மறந்து போயிருக்கலாம், முடிவு மறந்திராது. கதை முடிந்த பின்பு இயக்குநரே திரையில் தோன்றுகிறார். நடித்தவர்களையும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களையும் ஒவ்வொருவராக அவையோருக்கு அறிமுகம் செய்து வைக்கிறார். கச்சேரி மேடையில் மங்களம் பாடுவதற்கு முன்பு வயலின்காரரையும் மிருதங்கக்காரரையும் சுட்டிக் காட்டும் வித்துவானின் வழக்கம் அது. திரைப்படத்தில் அவ்வழக்கத்தைக் கொண்டு வந்தவர், கச்சேரி மேடையிலிருந்து வந்தவராகவே இருக்க முடியும். அவர்தாம் வீணை எஸ். பாலசந்தர்.

இன்றைய வாசகருள் பலர் பாலசந்தர் என்றதும் கே. பாலசந்தரையே நினைப்பர். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தைப் படைத்த அவர் வேறு, இவர் வேறு. ஆனால் அந்நாடகத்தால் 'மேஜர்' என்ற அடைமொழி பெற்ற சுந்தரராஜனை ஒரு தீவு மாளிகையில் உட்கார வைத்து, தமிழ்த் திரையுலகம் அதுவரை அதிகம் அறிந்திராத ஓர் அச்சத்தை அவரைச் சுற்றிப் பின்னியவர் இந்த எஸ். பாலசந்தர். அப்படத்தின் பெயர் 'நடு இரவில்'. அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் தழுவல் அது. வெளிவந்த ஆண்டு 1970.

பாலசந்தர் 1927ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் மயிலாப்பூரில் வழக்கறிஞர். இசையின் மீது தீராத காதல் கொண்டவர். அக்காலத்து இசைவாணர் பலர் அவ்வீட்டின் படியேறி வந்து போயினர். மூத்த மகன் ராஜம் பாபநாசம் சிவனிடம் பாட்டுக் கற்றார். இளையவரோ எவரிடமும் முறையாகக் கற்காமலேயே கைக்குக் கிடைத்த வாத்தியத்தையெல்லாம் வாசித்துப் பார்க்கும் பிள்ளையாக வளர்ந்தார். முதலில் கஞ்சிரா, பிறகு தபலா, ஆர்மோனியம், சிதார், தில்ரூபா. சதுரங்கத்திலும் சிறுவயதிலேயே கை தேர்ந்திருந்தார். எதிராளியின் அடுத்த அடியை எண்ணிப் பார்க்கும் அந்தப் புத்தி பின்னாளில் அவருடைய திரைக்கதைகளில் நன்கு விளைந்தது.

1934ஆம் ஆண்டு பிரபாத் நிறுவனத்தார் 'சீதா கல்யாணம்' என்ற தமிழ்ப் படத்தை எடுத்தபோது இந்தக் குடும்பமே அதில் இடம் பெற்றது. ராஜம் இராமனானார். உடன்பிறந்த சகோதரி ஜெயலட்சுமி சீதையானார். தந்தை சுந்தரம் ஐயரே ஜனகர். ஏழு வயது பாலசந்தர் இராவணன் சபையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவன். அண்ணனும் தங்கையும் இராமனும் சீதையுமாக நடிக்கலாமா என்று ஆசாரம் மிக்கவர் பலர் முகம் சுளித்தனர். சுந்தரம் ஐயர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ஊரார் வாய்க்கு அஞ்சாத அந்தக் குணம் மகனுக்கும் வந்தது. ஒரு பங்கு கூடுதலாகவே வந்தது என்று பின்னாளைய நிகழ்ச்சிகள் காட்டும். பாபநாசம் சிவன் திரையிசைக்கு வந்ததும் இப்படத்தின் வழியாகவே. ராஜம் பிற்காலத்தில் ஓவியராகவும் பெயர் பெற்றார். சங்கீத மும்மூர்த்திகள் என்றவுடன் தமிழர் மனக்கண்ணில் எழும் உருவங்கள் பெரும்பாலும் அவருடைய தூரிகை தந்தவை.

1941இல் வெளிவந்த 'ரிஷ்யசிருங்கர்' படத்தில் பாலசந்தர் இளம் முனிகுமாரனாக நடித்தார். பிறகு சில காலம் சென்னை வானொலி நிலையத்தில் இசைக் கலைஞராகப் பணி செய்தார். திரைப்படம் ஒருபுறமும் வாத்தியம் ஒருபுறமும் அவரை இழுத்த காலம் அது. வாத்தியத்திலும் ஒன்றையே பற்றி நிற்கவில்லை. சிதாரில் கச்சேரி செய்தார். பின்னர் ஒரு நாள் வீணையைக் கையில் எடுத்தார். ஆசிரியர் ஒருவரிடமும் செல்லாமல் தாமே பயின்று, சில ஆண்டுகளில் அரங்கேறினார். கர்நாடக இசையில் குருவின் பெயரைச் சொல்லாமல் ஒருவர் மேடையேறுவது எளிதில் மன்னிக்கப்படும் செயலன்று. வீணைக்குத் தாமே குருவும் சீடனும் என்று அவர் நின்றதில் செருக்கும் இருந்தது, தனிமையும் இருந்தது.

1948ஆம் ஆண்டு 'இது நிஜமா?' வெளிவந்தது. இயக்கம் கிருஷ்ண கோபால். நாயகனும் இசையமைப்பாளரும் பாலசந்தரே. இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவன் இறக்கிறான். இறந்தவனின் ஆவி மற்றவனைத் தேடி வந்து, தன் வேலையை முடித்துத் தருமாறு வற்புறுத்துகிறது. இரு வேடங்களையும் அவரே புனைந்தார். ஹாலிவுட்டில் 1945இல் வந்த 'வொண்டர் மேன்' என்ற நகைச்சுவைப் படமே அதற்கு மூலம். பேய் வந்தது, ஆனால் சிரிக்க வைக்க வந்தது. அச்சத்தின் பக்கம் அவர் வைத்த முதல் அடி இப்படி விளையாட்டாகவே அமைந்தது. அதே ஆண்டு வந்த 'என் கணவர்' படத்தை இயக்கியபோது அவருக்கு வயது 21. 1951இல் 'கைதி'யை இயக்கினார். இடையே வில்லனாகவும் நகைச்சுவை நாயகனாகவும் பிறர் படங்களில் நடித்தார். ஏ.வி.எம்.மின் 'பெண்' (1954) அவற்றுள் நினைவில் நிற்பது.

அவர் வாழ்வின் போக்கை மாற்றிய படம் ஜப்பானிலிருந்து வந்தது. திரைப்பட விழா ஒன்றில் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' திரையிடப்பட்டது. ஒரே கொலையை நால்வர் நான்கு விதமாகச் சொல்லும் அக்கதை முறை அவரை விடாமல் பற்றிக் கொண்டது. அம்முறையில் ஒரு நாடகம் எழுதி வானொலி நிலையத்துக்குத் தந்தார், அது ஏற்கப்படவில்லை. அதையே ஏ.வி. மெய்யப்பரிடம் சொன்னார். 1954ஆம் ஆண்டு ஏப்ரலில் அது 'அந்த நாள்' ஆயிற்று.

படம் தொடங்கிய சில நொடிகளில் துப்பாக்கி வெடிக்கிறது; சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். 'பராசக்தி'யின் நாயகனைக் காண வந்த கூட்டத்துக்கு இது எத்தகைய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். காலம் 1943 அக்டோபர். சென்னையின் மீது ஜப்பானியர் குண்டு வீசிய நேரம். கொலையுண்டவன் ராஜன் என்னும் வானொலிப் பொறியாளன். விசாரிக்க வரும் அதிகாரியிடம் ஒவ்வொருவரும் தாம் சந்தேகிக்கும் ஆளைச் சுட்டுகின்றனர். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் படம் இது. அதை எடுத்தவர் இசையே உயிராகக் கொண்ட ஒருவர் என்பதுதான் வியப்பு. ஆனால் இதில் முரண்பாடு ஏதும் இல்லை. எங்கே வாசிக்கக் கூடாது என்று தெரிந்தவனே நல்ல வாத்தியக்காரன்.

அப்படத்துக்கு வாய்த்த கூட்டத்தைத் தனியே சொல்ல வேண்டும். உரையாடல் எழுதியவர் ஜாவர் சீதாராமன். விசாரணை அதிகாரி சிவானந்தமாக நடித்தவரும் அவரே. நாக்கை அளந்து பேசும் அந்த அதிகாரியின் அமைதி, சுற்றி நிற்பவரை நடுங்க வைக்கும். பின்னாளில் 'உடல் பொருள் ஆனந்தி' என்ற அமானுஷ்யத் தொடர்கதையை எழுதி, இரவில் தனியே படிக்க வாசகரை அஞ்ச வைத்தவரும் இவரே. ஒளிப்பதிவாளர் மாருதி ராவ். 'பராசக்தி'க்கும் அவரே ஒளிப்பதிவு செய்தார். அங்கே வசனத்துக்கு வெளிச்சம் தந்த விளக்குகள் இங்கே நிழலுக்காக வைக்கப்பட்டன. முகத்தில் பாதி ஒளி, பாதி இருள்; தரையிலிருந்து மேல்நோக்கும் காமிரா; சுவரில் பெரிதாக விழும் உருவம். பேய் இல்லாமலேயே பயத்தை உண்டாக்கும் கலை தமிழில் ஒழுங்காக எழுந்தது அவருடைய கருவியில்தான் எனலாம். வேர்க்கடலை விற்பவராக வந்த பி.டி. சம்பந்தம், தம்பியாக வந்த டி.கே. பாலச்சந்திரன், மனைவி உஷாவாக வந்த பண்டரிபாய் என ஒவ்வொருவரும் சந்தேகத்தின் ஒரு முனையைப் பிடித்துக் கொண்டு நின்றனர்.

முதல் வெளியீட்டில் படம் ஓடவில்லை. பாட்டில்லாத படத்துக்குக் காசு கொடுத்ததைப் பலர் தாங்கவில்லை. தேசிய விருதுகளில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. பிற்காலத்தில் விமர்சகர் தலைமேல் வைத்துக் கொண்டாடினர். ஆனால் சான்றிதழும் பிற்காலப் புகழும் அடுத்த படத்துக்கு முதல் போடுவதில்லை. 1956இல் தெலுங்கில் 'ஏது நிஜம்', 1958இல் 'அவன் அமரன்' என்று சில படங்களுக்குப் பிறகு, அறுபதுகளில் 'அவனா இவன்' (1962), 'பொம்மை', 'நடு இரவில்' ஆகிய மூன்றையும் தாமே எடுத்து, தாமே இயக்கி, தாமே நடித்து, தாமே இசையும் அமைத்தார். பிறர் பணத்தில் செய்ய விடமாட்டார்கள் என்று தெரிந்ததைத் தம் பணத்தில் செய்தார் என்று இதற்குப் பொருள்.

'பொம்மை'க்கு ஹிட்ச்காக்கின் 'சபோட்டாஜ்' (1936) தூண்டுதல். ஒரு செல்வரைக் கொல்லப் பேசும் பொம்மைக்குள் வெடிகுண்டு வைக்கிறார்கள். பொம்மை கை தவறி, ஊரெல்லாம் சுற்றுகிறது. யார் கையில் எப்போது வெடிக்கும் என்பதே கதை. குழந்தை தூக்கி வைத்துக் கொஞ்சும் பொருளில் மரணத்தை வைத்துத் தெருவில் விட்ட அந்தக் கற்பனை கொடியது. ஆனால் தமிழ்க் குடும்பங்கள் பல்லைக் கடித்துக் கொண்டு பார்த்தன. தெருவோரத்தில் ஒலிக்கும் பாடல் ஒன்றுக்குக் கேரளத்திலிருந்து வந்த ஓர் இளைஞரைப் பாட வைத்தார் பாலசந்தர். கே.ஜே. யேசுதாஸ் தமிழில் பாடிய முதற்பாடல் அது. நல்ல குரலைக் கண்டுகொள்ளும் காது அவருக்கு இருந்தது. அவர் பாட்டுக்கு எதிரியல்லர்.

இனி 'நடு இரவில்'. அகதா கிறிஸ்டியின் நாவலில் பத்துப் பேர் ஒரு தீவுக்கு வருகிறார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள், அழைத்தவரையும் அறியார். ஒவ்வொருவர் மனத்திலும் சட்டம் தண்டிக்காத ஒரு குற்றம். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். மேலைநாட்டு மேடையிலும் திரையிலும் இக்கதை பலமுறை வந்து விட்டது. இந்தியில் 1965இல் வந்த 'கும்நாம்' இதைப் பாட்டும் கூத்துமாக விரித்தது.

பாலசந்தர் செய்த மாற்றம் பார்வைக்குச் சிறியது. அறியாதவர்களை அவர் உறவினர்களாக்கினார். தீவில் மாளிகை கட்டி வாழும் தயானந்தம் என்ற செல்வருக்குக் கொடிய நோய், நாள்கள் எண்ணப்படுகின்றன. மருத்துவரின் பேச்சைக் கேட்டு, நெடுநாள் தொடர்பற்றிருந்த சுற்றத்தார் அழைக்கப்படுகிறார்கள். வருகிறார்கள். துக்கம் விசாரிக்கும் முகத்துடன் சொத்தைக் கணக்கிடும் கண்கள் வருகின்றன. மாளிகையில் மனம் பேதலித்தவளாகக் கருதப்படும் மனைவி பொன்னி இருக்கிறாள். இரவு வருகிறது. ஒருவர் சாகிறார். பிறகு இன்னொருவர்.

ஆங்கில நாவலின் அச்சம், அறிமுகமற்றவர் நடுவே அகப்பட்டுக் கொண்டதன் அச்சம். தமிழ்ப் படத்தின் அச்சமோ பந்தி பரிமாறும் இடத்திலிருந்து எழுகிறது. தாய்மாமனையும் சின்னம்மாவையும் பங்காளியையும் ஒரே கூரையின்கீழ் அடைத்து, நடுவில் ஓர் உயிலை வைத்து, கதவைச் சாத்திவிட்டால் நடப்பதை அறியாத தமிழ்க் குடும்பம் உண்டா? மகாபாரதம் படித்த நாட்டில் கொலைகாரனை வெளியூரில் தேட வேண்டியதில்லை. தழுவல் என்பது உடுப்பை மாற்றுவது என்று எண்ணிய காலத்தில், அச்சத்தின் ஊற்றையே மாற்றி வைத்த தழுவல் இது. மூலத்தை வரிக்கு வரி பின்பற்றிய படங்கள் மூலத்தோடு ஒப்பிடப்பட்டுத் தோற்பதும், இப்படம் ஒப்பிடப்படாமலேயே நிற்பதும் இதனால்தான்.

தீவு என்பதும் வெறும் அலங்காரம் அன்று. பழவேற்காட்டு ஏரிக்கரையில் கடைசிப் படகு போய்விட்ட மாலைப்பொழுதைக் கண்ட பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தார்க்கு இது விளங்கும். அக்கரை கண்ணுக்குத் தெரியும், விளக்குகூடத் தெரியும், போக மட்டும் முடியாது. நிலத்தில் இருப்பவனுக்கு ஓடுவதற்குத் திசைகள் உண்டு. நீர் சூழ்ந்தவனுக்குப் பக்கத்து அறைதான் திசை. அங்கேயும் உறவினர் ஒருவர் விழித்திருக்கிறார்.

தயானந்தமாக மேஜர் சுந்தரராஜன். பிற படங்களில் கண்டிப்பான தந்தையாகவும் அதிகாரியாகவும் ஓங்கி ஒலித்த அக்குரல், இங்கே தாழ்ந்த சுருதியில் பேசுகிறது. மனிதர் அன்பானவரா, அஞ்சத்தக்கவரா என்று முடிவு செய்ய விடாமல் கடைசி வரை இழுத்துச் செல்லும் நடிப்பு. பொன்னியாகப் பண்டரிபாய். 'அந்த நாள்' உஷாவுக்கும் இந்தப் பொன்னிக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். அதற்குள் திரையுலகம் அவரை நாயகர்களின் அம்மாவாக்கி, கண்ணீரும் கையில் ஒரு விளக்குமாக நிறுத்திவிட்டது. பாலசந்தர் அந்த அம்மாவின் முகத்தையே எடுத்து, அதில் ஒரு வெறித்த பார்வையை வைத்தார். பார்ப்பவர் நெஞ்சில் இரக்கமும் பயமும் ஒரே கணத்தில் எழுகின்றன. தமிழ்ப் படங்களில் மனநோய் பெரும்பாலும் கேலிக்கோ பூச்சாண்டிக்கோ பயன்பட்டது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. இப்படமும் அதிலிருந்து முழுவதும் தப்பவில்லை. ஆயினும் பண்டரிபாயின் நடிப்பு அப்பாத்திரத்துக்கு ஒரு கண்ணியத்தை மீட்டுத் தந்தது. சௌகார் ஜானகியும் சோவும் வந்த உறவுக்கூட்டத்தில் இருந்தனர். சோவின் நகைச்சுவை கொஞ்சம் மூச்சுவிட இடம் தருகிறது. மூச்சு விட்டவுடன் அடுத்த கொலை. மருத்துவர் வேடத்தைப் பாலசந்தர் தமக்கே வைத்துக் கொண்டார். கதையைத் தொடங்கி வைக்கும் பொய்யா மெய்யா என்ற பேச்சு மருத்துவர் வாயிலிருந்து வருவதால், இயக்குநர் அந்த வாயைப் பிறருக்குத் தர விரும்பவில்லை போலும்.

கொலையாளி யார் என்பதை இங்கே எழுதுவது முறையன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தாலும் அது பாலசந்தரின் சொத்து.

ஒலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுபதுகளின் திகில் படங்கள் பாட்டால் பயமுறுத்தின. 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963), 'யார் நீ?' (1966), 'அதே கண்கள்' (1967) ஆகிய படங்களை நினைத்ததும் முதலில் காதில் விழுவது பாட்டுத்தான். வெள்ளைப் புடைவையும் பனிமூட்டமும் இல்லாவிட்டாலும் அந்த மெட்டுகள் போதும். பாலசந்தர் வேறு வழி சென்றார். பாட்டைக் குறைத்து, வீட்டின் ஓசைகளையும் ஓசையின்மையையும் பெரிதாக்கினார். வீணையில் ஒரு மெட்டின் மீது விரலை வைத்து, ஒரே ஒரு முறை மீட்டி, தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, அந்த ஒரே நாதம் அடங்குவதற்குள் பல சுவரங்களைப் பேச வைப்பது அவர் வாசிப்பின் தனித்தன்மை. நாதம் தேய்ந்து கொண்டே போகும். கேட்பவர் காது அதன் பின்னாலேயே போகும். அது முடிந்ததா முடியவில்லையா என்று தெரியாத ஓர் இடம் வரும். அந்த இடத்தில்தான் அவருடைய படங்களும் நடக்கின்றன. ஒரு கதவு திறக்கிறது; ஓசை நின்ற பிறகும் பார்ப்பவர் அதைக் கேட்டுக் கொண்டிருக்கிறார். கவிதை எழுதுவோர்க்கு இது புதிய செய்தியன்று. சொல் முடிந்த பிறகு வரியில் மிஞ்சுவது எது என்று தேடுவதுதானே அவர்கள் தொழில்.

படம் முடிந்தும் உடனே வெளிவரவில்லை. விநியோகஸ்தர்கள் தயங்கினார்கள். பெரிய நாயகன் இல்லை. காதல் இணை இல்லை. வயது முதிர்ந்த ஒரு கணவனும் மனைவியும் நடுநாயகமாக இருக்கும் படத்தை யார் வாங்குவார்? சொந்தப் பணம் பெட்டியில் சுருளாகக் கிடந்தது. அக்காலத்திலும் அவர் வீணையோடு வெளிநாடுகளுக்குப் போய் வந்தார், இசைத்தட்டுகள் வெளிவந்தன, மேலைநாட்டார் அவரைக் கேட்டு வியந்தனர். ஓரிடத்தில் மேதை, ஓரிடத்தில் வாங்குவாரற்ற படத்தின் முதலாளி. இரண்டும் ஒரே ஆள். 1970இல் ஒருவழியாகப் படம் திரைக்கு வந்தது. வாங்கத் தயங்கியவர்கள் எதிர்பார்த்தபடி அது விழவில்லை. மக்கள் வந்தனர், பார்த்தனர், முடிவை வெளியே சொல்லாமல் நண்பர்களை அனுப்பினர்.

வென்றவர் அடுத்த படத்துக்குப் பூஜை போடுவதே திரையுலக வழக்கம். பாலசந்தர் அதன் பிறகு படம் இயக்கவில்லை. 'நடு இரவில்' அவருடைய கடைசிப் படம் ஆயிற்று. நாற்பத்து மூன்று வயதில் ஒரு கதவைச் சாத்திவிட்டு, வீணையோடு மட்டும் இருந்தார். இழப்பு திரைக்கு, லாபம் இசைக்கு என்று சொல்லி ஆறுதல் அடையலாம். ஆனால் 'நடு இரவில்' படத்தின் இரண்டாம் பாதியைப் பார்த்தவர்க்கு அந்த ஆறுதல் போதாது. அவர் எடுக்காத படங்களின் எண்ணிக்கையை அவர்கள் மனத்துக்குள் எண்ணிக்கொண்டே இருப்பார்கள்.

இசையில் அவர் சமரசம் செய்துகொள்ளாதவர். எழுபத்திரண்டு மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். ஒரு நாட்டின் ராக முறை முழுவதையும் ஒரே கையால் சொல்லிவிட வேண்டும் என்ற பேராவல் அதில் தெரிகிறது. 1982இல் பத்மபூஷண் விருது பெற்றார். அப்பத்தாண்டில் இரண்டு பெரும் வாதங்களில் இறங்கினார். புதிய ராகங்களைப் படைத்ததாக ஒரு பெரிய பாடகர் உரிமை கொண்டாடியதை மறுத்து எழுதினார், பேசினார். சுவாதித் திருநாள் மகாராஜா பெயரில் வழங்கும் கீர்த்தனைகள் உண்மையில் அவர் இயற்றியவையா என்ற வினாவையும் கிளப்பினார். இரண்டிலும் பகை சம்பாதித்தார். அவர் கூறியதில் எவ்வளவு சரி என்பதை இசையறிஞர்கள் பலவாறு சொல்வர். கடுமை மிகுந்துவிட்டது என்பதை நண்பர்களும் ஒப்புவர்.

இங்கே ஒரு நெருடல் உண்டு. அதை மூடி மறைத்தால் அவரை அறிந்ததாகாது. ஒரு ராகம் யாருடையது, ஒரு கீர்த்தனை யாருடையது என்று உலகத்தோடு மல்லுக்கு நின்ற இந்த மனிதர், திரையில் குரோசாவாவிடமிருந்தும் ஹிட்ச்காக்கிடமிருந்தும் அகதா கிறிஸ்டியிடமிருந்தும் எடுத்துக் கொண்டவர். எடுத்தவருக்குப் படைத்தவரைப் பற்றிக் கேட்க என்ன உரிமை என்று எதிரிகள் கேட்டிருக்கலாம். அவருடைய பார்வையில் இரண்டும் வேறு வேறு என்றே தோன்றுகிறது. ராகம் பலர் நூற்றாண்டுக் கணக்கில் உழுத பொது நிலம். அதில் ஒருவர் வேலி போடக் கூடாது. கதையும் அப்படியே: உழலாம், விதைக்கலாம், விளைச்சலைக் கொண்டு மட்டுமே உழவனை அளக்க வேண்டும். கம்பனும் வான்மீகியிடமிருந்து எடுத்தவன்தான் என்று தழுவலுக்குச் சாதகமாகச் சொல்வது நம்மவர் வழக்கம். ஆனால் கம்பன் வான்மீகியின் பெயரைச் சொல்லிவிட்டே தொடங்கினான். தமிழ்த் திரையுலகம் அந்த மரியாதையைப் பெரும்பாலும் மறந்தது. பாலசந்தரின் காலமும் அதற்கு விலக்கன்று. கடன்பட்டவர் பெயரைச் சொல்லாமல் விட்டதும், உடன் உழைத்தவர் பெயரைத் தாமே திரையில் வந்து சொன்னதும், ஆக இரண்டும் அவர் கணக்கில் எழுதப்பட வேண்டியவை.

அவருடன் இருளில் நின்ற அந்தக் கூட்டம் பின்னர் ஒவ்வொருவராகக் கலைந்தது. பண்டரிபாயும் மேஜர் சுந்தரராஜனும் 2003ஆம் ஆண்டில் சில வார இடைவெளியில் மறைந்தனர். தீவு மாளிகையின் கணவனும் மனைவியும் ஏறத்தாழ ஒன்றாகவே போனார்கள். அண்ணன் ராஜம் தொண்ணூறு வயது கடந்தும் வரைந்து கொண்டிருந்து 2010இல் காலமானார். சோ 2016இல்.

பாலசந்தர் இவர்கள் எல்லாருக்கும் முன்பே விடைபெற்றுக் கொண்டார். 1990 ஏப்ரலில் எஃகு ஆலைகளின் நகரமான பிலாய்க்குக் கச்சேரிப் பயணமாகச் சென்றிருந்தார். மயிலாப்பூர் வீட்டிலிருந்து வெகுதூரம். அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 63.